வெயிலை வலிமை என்று விற்காதீர்கள்

சிரா திராட்சையில் வலிமையான வைன் செய்ய நல்ல வெயிலும் புது ஓக் பீப்பாவும் போதும். நிலம், சரிவு, மண் என்பதெல்லாம் பிரெஞ்சுக்காரர் கட்டிவிட்ட விற்பனைக் கதை. சென்ற இதழில் வெளியான கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். இதோடு நின்றிருந்தால் ஒரு ரசிகரின் அபிப்பிராயம் என்று கடந்து போயிருப்பேன். ஆனால் கடைசிப் பகுதியில் கட்டுரையாளர் வலிகாமத்துத் தோட்டக்காரரைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார். யாழ்ப்பாணத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, செம்மண் உண்டு, பந்தல் போட்டுத் திராட்சை வளர்த்துப் பழகிய கைகள் உண்டு. ஆகவே இஸ்ரேல் புளூ கொடியைப் பிடுங்கிவிட்டு சிராவை நடுங்கள், மிச்சத்தைப் பீப்பா பார்த்துக்கொள்ளும் என்கிறார். இந்த வாதம் தவறானது. அதைக் கொண்டு போய் ஒரு விவசாயியின் பந்தலில் தொங்கவிடுவது பொறுப்பற்ற செயல்.

தம் வாதத்துக்கு அவர் எங்கள் பகுதியைச் சாட்சிக்கு அழைக்கிறார். மருதானைச் சந்தியில் நின்று பிளேன்டீ குடிப்பவர் அது எந்த மலையின் கொழுந்து என்று கேட்பதில்லையாம்; வைன் குடிப்பவரும் கேட்கத் தேவையில்லையாம். மருதானையில் வாழ்கிறவனாகச் சொல்கிறேன், இந்தச் சாட்சி அவருக்கு எதிராகவே பேசும். கொழும்பில் 1883 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே தேயிலை விளைந்த உயரத்தைச் சொல்லாமல் பேச்சே தொடங்காது: 600 மீற்றருக்குக் கீழ், 600 முதல் 1,200 வரை, அதற்கு மேல். தாழ்நிலத் தேயிலை கறுத்த சாயம் இறக்கும். சந்திக் கடைகளுக்கு அந்தச் சாயம்தான் வேண்டும். உயர்நிலத் தேயிலையின் சாயம் வெளிறியது, வாசனை கூரியது. ஊவா மலைகளில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும்போது பறித்த கொழுந்தில் ஏறும் மெந்தோல் வாசனை, அதே தோட்டத்தில் வேறு மாதத்தில் பறித்தால் வராது. எந்தத் தொழிற்சாலையும் அதை உண்டாக்க முடியாது. வாட்டுவதிலும் உருட்டுவதிலும் பிழை விட்டால் அதை அழிக்க மட்டும் முடியும். கறுத்த சாயம் வேறு, வலிமை வேறு என்பதைத் தேயிலை விற்கும் ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையாளர் அதை மறந்துவிட்டு வைனுக்குப் போயிருக்கிறார்.

முதலில் அவர் எதை வலிமை என்கிறார் என்று பார்ப்போம். மதுசாரம் 15 வீதம், ஒளி புகாத நிறம், வாயில் மரத்தின் வாசனை. இந்த மூன்றும் இருந்தால் அவருக்கு அது வலிமையான சிரா. மூன்றையும் எடுத்துப் பார்த்தால் மூன்றும் நிற்காது. நிறத்துக்குப் பதிலைத் தேயிலைச் சாயமே சொல்லிவிட்டது.

மதுசாரம் என்பது சர்க்கரைக் கணக்கு. ஒரு லீட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு வீதம் மதுசாரம் கிடைக்கும். பழத்தைக் கொடியில் விட்டுவைத்தால் சர்க்கரை ஏறும். சிராவுக்கு இதில் ஒரு தனிக் குணமும் உண்டு. பழுத்து முடிகிற வேளையில் கொடியிலேயே அதன் பழம் நீரை இழந்து சுருங்கத் தொடங்கிவிடும். சுருங்கிய பழத்தில் சர்க்கரையின் செறிவு தானாகவே கூடுகிறது. கொடி புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான். இந்தச் செறிவை வலிமை என்று பெயரிட்டுப் போத்தலில் அடைப்பது வெப்ப நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அது முதல் மிடறில் கொழுத்து நிற்கும். இரண்டாம் மிடறுக்குப் பிறகு தொண்டையில் சூடு மட்டும் மிஞ்சும்.

கட்டுரையாளர் தம் வீரனாக நிறுத்தும் மாக்ஸ் ஷூபர்ட்டையே எடுத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் 1951 இல் கிரேஞ்ச் என்ற சிரா வைனைப் பரிசோதனையாகச் செய்தவர் அவர். நிர்வாகம் 1957 இல் நிறுத்தச் சொன்ன பிறகும் 1959 வரை மறைவாகச் செய்துகொண்டிருந்தார். ஒரு மனிதன் தன் வேலையை நம்புவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அந்த ஷூபர்ட் தம் திராட்சைக்கு வைத்த அளவு, சாற்றின் சர்க்கரையைக் காட்டும் போமே அலகில், 11.5 முதல் 12. நொதித்து முடித்தால் ஏறத்தாழ 12 வீத மதுசாரம். அதோடு அமிலம் லீட்டருக்கு 6.5 கிராமுக்குக் குறையக் கூடாது என்றும் வைத்திருந்தார். பல பதிற்றாண்டுகள் நிலவறையில் நின்று பேர் எடுத்த அந்தப் போத்தல்களின் தொடக்கம் இதுதான். 15 வீதத்தை வலிமைக்கு அளவுகோலாக வைப்பவர் தம் சொந்தச் சாட்சியைக்கூட வாசித்துப் பார்க்கவில்லை.

வெயிலுக்கும் இதே கதிதான். சிராவின் பிறந்தகம் பிரான்ஸின் ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வடபகுதி. ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்ற கதையைக் கட்டுரையாளர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரடித்தின் குழுவும் பிரெஞ்சு ஆய்வாளரும் மரபணுவை ஒப்பிட்டு, சிராவின் பெற்றோர் துரேஸா, மொந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு தென்கிழக்குப் பிரெஞ்சுத் திராட்சைகள் என்று 1998 இல் காட்டியாயிற்று. அந்த ரோன் பள்ளத்தாக்கில் தேன் லெர்மிதாஜ் ஊருக்கு மேலே எழும் எர்மிதாஜ் குன்று வட அகலக்கோடு 45 பாகையில் இருக்கிறது. பனிக்காலத்தில் உறையும் இடம். 19 ஆம் நூற்றாண்டில் மெலிந்த போர்தோ வைனுக்கு உடம்பு ஏற்ற வணிகர் கலந்தது இந்தக் குன்றின் சிராவைத்தான். வெயில்தான் வலிமை என்றால் அவர்கள் இன்னும் தெற்கே, ஸ்பெயினின் எல்லைக்குப் போயிருந்தால் போதும்.

எர்மிதாஜ் முழுவதும் சேர்த்தால் சுமார் 140 ஹெக்டேயர். நதி அங்கே திரும்புகிறது. குன்று தெற்கைப் பார்த்து நிற்கிறது. மிஸ்த்ரால் என்ற வடக்குக் குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டுகிறது. சிராவின் தளிர் காற்றில் எளிதாக முறியும். அதனால்தான் பக்கத்துக் கோத் ரோத்திச் சரிவுகளில் ஒவ்வொரு கொடிக்கும் கம்பு நாட்டிக் கட்டுகிறார்கள். குன்றின் மேற்குப் பகுதி, பெஸார் என்ற இடம், கருங்கல். நடுவில் மேயால் என்ற இடத்தில் பழைய ஆறு விட்டுச்சென்ற கூழாங்கற்கள். உச்சியில் எர்மித் என்ற இடத்தில் கருங்கல்லின் மேல் காற்று கொண்டு வந்து படிய வைத்த மென்மண். ஷப்பூத்தியே நிறுவனம் இந்த மூன்று இடங்களின் சிராவையும் தனித்தனியே போத்தலில் அடைக்கிறது. திராட்சை ஒன்று, குன்று ஒன்று, செய்பவர்களும் ஒரே கூட்டம். ஆனாலும் பெஸார் இறுகி நிமிர்ந்து நிற்கும். மேயால் அகன்று கொழுத்து வரும். பீப்பாதான் எல்லாவற்றையும் செய்கிறது என்பவர் இந்த மூன்றையும் அடுத்தடுத்து ருசித்துவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி எழுதட்டும்.

பீப்பாவைப் பற்றிய அவர் கூற்றை நேரடியாகவே முடிக்கலாம். கோர்னாஸ் என்ற சிறிய கிராமத்தில் கிளாப் குடும்பம் செய்யும் சிரா உலகின் மிக வலிமையான சிராக்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அந்த நிலவறையில் புது ஓக் கிடையாது. பழைய பெரிய மரத்தொட்டிகள்தான். அங்கே நிற்கும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் கோர்னாஸின் கருங்கல் சரிவிலும் திராட்சைத் தோலிலும் காம்பிலும் இருந்து வந்தது. மறுபுறம் கோத் ரோத்தியில் கிகால் நிறுவனத்தின் லா மூலின், லா லாந்தோன், லா துர்க் மூன்றும் ஏறத்தாழ 42 மாதங்கள் புது ஓக்கில் கிடக்கின்றன. மூன்றரை ஆண்டுக்குப் பிறகும் மூன்றும் மூன்று வைன். புது ஓக்கால் இடங்களை ஒன்றாக்க முடியுமானால் 42 மாதத்தில் ஆக்கியிருக்கும். ஓக் தருவது எது என்று நமக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்ற பொருள் கூடுதல், அது தேங்காய் வாசனை தரும். இந்த நாட்டில் தேங்காய் வாசனையை அடையாளம் காணாத மூக்கு இருக்க முடியாது. அதை வைனின் வலிமை என்று எவரும் எங்களுக்கு விற்க வேண்டாம்.

இனி மிளகு. நல்ல சிராவில் வரும் மிளகு வாசனை ருசிப்பவர்களின் கற்பனை, விற்பனைச் சீட்டில் எழுதுவதற்கு மட்டும் உதவும் சொல் என்கிறார் கட்டுரையாளர். இங்கேதான் அவர் விஞ்ஞானத்தை முற்றாகக் கைவிடுகிறார். அவுஸ்திரேலிய வைன் ஆய்வு நிறுவகம் 2008 இல் அந்த வாசனைக்குக் காரணமான சேர்மத்தைக் கண்டறிந்து வெளியிட்டது. பெயர் ரொட்டண்டோன். நம் வயல் வரப்பில் களையாக முளைக்கும் கோரைக்கிழங்கில் அதற்கு முன்பே கண்டறியப்பட்ட பொருள் அது. மிளகுக்கு மிளகு வாசனை தருவதும் அதுவே. செவ்வைனில் ஒரு லீட்டரில் 16 நனோகிராம் இருந்தாலே மூக்கு அறியும். அதே ஆய்வில் ஐந்து பேரில் ஒருவருக்கு அதைப் போல நூறு மடங்குக்கு மேல் ஊற்றினாலும் மணக்கவில்லை என்றும் தெரிந்தது. தம் மூக்குக்கு எட்டாததால் இல்லை என்று ஒருவர் முடிவு கட்டினால், அது அந்த ஐந்தில் ஒருவரின் குரலாக இருக்கலாம். உலகத்துக்கு விதி எழுத அது போதாது.

இந்தச் சேர்மம் எங்கே உண்டாகிறது என்பதுதான் அவர் கட்டுரையை உடைக்கும் விடயம். அது திராட்சையின் தோலில் சேர்கிறது, பழுக்கும் கடைசி வாரங்களில் கூடுகிறது, குளிர்ந்த இடத்திலும் குளிர்ந்த ஆண்டிலும் கூடுதலாக வருகிறது. விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் பகுதியில் உள்ள மவுண்ட் லாங்கி கிரான் தோட்டத்தில் செய்த ஆய்வுகள், பழக்குலையின் வெப்பநிலை 25 பாகைக்கு மேல் நிற்கும் மணித்தியாலங்கள் கூடக்கூட ரொட்டண்டோன் குறைவதைக் காட்டின. ஒரே குலையில்கூட நிழல் விழும் பக்கத்தில் அதிகம், வெயில் படும் பக்கத்தில் குறைவு. அதே பகுதியில் சுமார் 6 ஹெக்டேயர் தோட்டம் ஒன்றை மூலை மூலையாக அளந்து 2014 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே வேலிக்குள், ஒரே பராமரிப்பில் நின்ற கொடிகளில் ரொட்டண்டோன் இடத்துக்கு இடம் மாறியது. அந்த மாற்றம் மண்ணின் தன்மையோடும் சரிவின் திசையோடும் பொருந்தியது. அடுத்த ஆண்டு மொத்த அளவு மாறினாலும் கூடிய இடமும் குறைந்த இடமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அந்தத் தோட்டத்துக்குப் பிரெஞ்சு விற்பனையாளர் எவரும் கதை எழுதவில்லை. ஆய்வுக்கூடக் கருவி அளந்து சொன்னது. நிலம் என்பது கதை என்ற அவரின் முதல் வாக்கியம் இங்கே முடிந்துவிடுகிறது.

ஒரு இடத்தில் அவர் சொல்வது உண்மை. கருங்கல்லின் ருசி வைனில் இல்லை. கல்லில் உள்ள கனியம் வேர் வழியாக ஏறிப் போத்தலுக்குள் வந்து நாக்கில் படுகிறது என்று சொல்பவர்களுக்கு ஆதாரம் கிடையாது. அப்படி எழுதும் வைன் எழுத்தாளர்கள் தங்கள் வேலையைக் கேவலப்படுத்துகிறார்கள். ஆனால் கட்டுரையாளர் இதிலிருந்து தாவுகிற தாவல் மன்னிக்க முடியாதது. கல்லுக்கு ருசி இல்லை, ஆகவே கல்லுக்கு வேலை இல்லை என்கிறார். கல்லின் வேலை தண்ணீரில். கருங்கல் சரிவில் மண் ஆழமில்லை, மழை நிற்காது, வேர் வெடிப்புகளில் இறங்கித் தேட வேண்டும். காய் நிறம் மாறும் முன்பு கொடி மிதமான தாகத்தில் இருந்தால் காய் சிறுத்து நிற்கும். சிறிய காயில் சாற்றுக்குத் தோல் விகிதம் கூடும். சிராவின் நிறம், தனின், மிளகு எல்லாம் தோலில் இருப்பவை. கூழாங்கல் பகலில் சூடேறி மாலையில் அதைக் குலைக்குத் திருப்பிக் கொடுக்கும். சரிவு குளிர்ந்த காற்றை இரவில் கீழே வழிய விடும். இவையெல்லாம் அளக்கக்கூடியவை. இவற்றைத்தான் நிலம் என்கிறோம்.

கிரேஞ்ச் பல மாவட்டங்களின் திராட்சையைக் கலந்து செய்வது, ஆகவே இடம் பொருட்டல்ல என்பது அவர் பெரிதாக நம்பும் ஆதாரம். கலப்பவர் ஏன் கலக்கிறார் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒன்றே என்றால் கலக்கத் தேவையில்லை. ஒரு பெரிய தோட்டத்தில் எல்லாவற்றையும் பறித்துவிடலாம். ஒரு இடத்தின் அமிலமும் இன்னொரு இடத்தின் உடம்பும் வேண்டும் என்பதாலேயே ஷூபர்ட் தோட்டம் தோட்டமாகத் தேர்ந்தார். கிரேஞ்சின் ஒவ்வொரு போத்தலும் நிலங்களைத் தரம் பிரித்த கணக்கு. அதே தென் அவுஸ்திரேலியாவில் ஹென்ஷ்கி குடும்பத்தின் ஹில் ஒஃப் கிரேஸ் 1958 முதல் ஒரே தோட்டத்திலிருந்து வருகிறது. அங்குள்ள மிகப் பழைய கொடிகள் 1860 ஐ ஒட்டி நட்டவை. அந்தத் தோட்டம் இருக்கும் ஈடன் பள்ளத்தாக்கு உயர்ந்த, குளிர்ந்த இடம். பக்கத்திலேயே தாழ்ந்த பரோஸாவில் அதே சிரா, அவர்கள் சொல்லில் ஷிராஸ், வேறு உடம்போடு வருகிறது. இதைக் கட்டுரையாளர் ஏன் தொடவில்லை என்று கேட்கிறேன்.

நம் பிராந்தியத்துக்கு வருவோம். வெப்ப மண்டலத்தில் நிலத்தையும் செய்பவரின் கையையும் பிரிக்கவே முடியாது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் நாசிக் போதும். சுலா நிறுவனம் 2000 இல் அங்கிருந்து முதல் வைனை விற்றது. ஷிராஸ் இன்று அந்தப் பகுதியின் முக்கியச் சிவப்புத் திராட்சைகளில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீற்றர் உயரம், தக்காணத்து எரிமலைப் பாறை மேல் மண். அங்கே கொடி பனிக்காலத்தில் உறங்குவதில்லை. ஆகவே மனிதன்தான் கவாத்துக் கத்தியால் ஆண்டைத் தீர்மானிக்கிறான். ஏப்ரலில் ஒரு கவாத்து, கொடியைக் கட்டுவதற்கு. மழை ஓயும் செப்டெம்பர், ஒக்டோபரில் இன்னொன்று, காய்க்கு. மொட்டுகள் ஒன்றாக விழிக்க ஐதரசன் சயனமைட்டுப் பூசுகிறார்கள். அந்த இரண்டாம் கவாத்தின் தேதிதான் பழம் எந்த வெப்பத்தில் பழுக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. சனவரியில் நாசிக் இரவு 10 பாகையை ஒட்டி இறங்கும். மார்ச்சில் பகல் 35 ஐத் தாண்டும். கவாத்தைச் சில வாரம் தள்ளிப் போட்டால் அதே கொடி, அதே மண், ஆனால் பழம் வேறொரு காலநிலையில் பழுக்கிறது. ரோனில் ஒரு விவசாயி இதைச் செய்ய முடியாது. அவனுக்குக் குன்றும் நதியும் நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டன. நாசிக்கில் அந்தக் குளிர் இரவுகள் இருப்பதால்தான் கத்திக்கு வேலை இருக்கிறது.

கொடியை ஒட்டவைக்கும் வேர்க்கட்டையான ஒட்டுக்கட்டையின் கதையும் அப்படியே. இந்தியத் தோட்டங்களில் உப்புக்கும் வறட்சிக்கும் ஈடு கொடுக்க டொக்ரிட்ஜ் என்ற ஒட்டுக்கட்டையைப் பரவலாக நட்டார்கள். சாப்பாட்டுத் திராட்சைக்கு அது நல்லது. வைனுக்கு, அது மண்ணிலிருந்து பொட்டாசியத்தை அள்ளிப் பழத்தில் சேர்க்கிறது. பொட்டாசியம் தாட்டாரிக் அமிலத்தைப் பிடித்துப் படிய வைக்க, வைனின் பீஎச் ஏறுகிறது. பீஎச் 3.5 இல் வைனைக் காக்கப் போதுமான கந்தகம் 4.0 இல் மூன்று மடங்கு வேண்டும். நிறம் மங்கும், நுண்ணுயிர் புகும், சில ஆண்டில் போத்தல் தளர்ந்துவிடும். நிலத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஒரு தேர்வு இந்த அளவு செய்கிறது. கட்டுரையாளரின் எழுத்தில் ஒட்டுக்கட்டை என்ற சொல்லே இல்லை. கர்நாடகத்தின் நந்தி மலையடியில் குரோவர் குடும்பம் 900 மீற்றர் உயரத்தைத் தேடிப் போனதும், பிரான்ஸிலிருந்து மிஷேல் ரோலானை ஆலோசகராக வைத்துக்கொண்டதும் நிலமும் கையும் ஒன்றாக வேண்டும் என்று தெரிந்ததால்தான்.

செய்பவரின் கையை நான் குறைத்துப் பேசவில்லை. குன்று நல்லதாக இருந்தாலே போதும் என்று நம்பி எர்மிதாஜிலேயே மோசமான வைன் செய்தவர்கள் இருக்கிறார்கள். சிராவை நொதிக்க வைக்கும்போது காம்போடு போடுவதா, காம்பைக் கழிப்பதா? காம்பு முற்றிப் பழுப்பேறியிருந்தால் அது உறுதியும் காரமான வாசனையும் கொடுக்கும். பச்சையாக இருந்தால் கசக்கும், பீஎச்சையும் ஏற்றும். ஆகவே இந்த முடிவைத் தொட்டியடியில் எடுக்க முடியாது, தோட்டத்தில் காம்பைப் பார்த்து எடுக்க வேண்டும். கோத் ரோத்தியில் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சிராவோடு சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். சட்டம் 20 வீதம் வரை அனுமதிக்கிறது. வெள்ளையைச் சேர்த்தால் நிறம் நீர்க்கும் என்று எவரும் நினைப்பர். சிறிதளவு சேர்க்கும்போது தோலின் நிறப்பொருள்கள் நிலைபெற்று நிற்கின்றன. தோலை எத்தனை நாள் சாற்றில் வைப்பது, மேலே மிதக்கும் தோல் அடையை அழுத்துவதா, சாற்றை ஏற்றி நனைப்பதா, எந்த வெப்பத்தில், எல்லாம் பழத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிரா காற்றில்லாமல் கிடந்தால் கந்தக நாற்றம் பிடிக்கும் சுபாவம் உடையது. காற்றுக் காட்டத் தெரியாதவரிடம் மிகச் சிறந்த சரிவின் பழமும் அழுகிய முட்டையாக மணக்கும். கையின் ஒவ்வொரு வேலையும் நிலம் கொடுத்ததற்குப் பதில். கொடுக்காததைக் கை உண்டாக்கிய சான்றை அவர் ஒன்றுகூடத் தரவில்லை.

இப்போது வலிகாமம். யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில், ஒன்பதரைப் பாகை அகலக்கோட்டில், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்து கிடக்கிறது. ஆண்டின் மிகக் குளிரான சனவரியிலும் இரவு வெப்பம் பெரும்பாலும் 20 பாகைக்கு மேல்தான். சூடான இரவில் கொடி மூச்சுவிடும்போது பழத்தின் மாலிக் அமிலத்தை எரித்துவிடும். குலை 25 பாகைக்குக் கீழே இறங்கும் நேரம் குறைவு. மிளகு வாசனைக்கு நியாயமான வாய்ப்பே இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றோடு மழை கொட்டும், சோளகம் வீசும் மாதங்கள் வெந்து கிடக்கும். நாசிக்கின் கத்திக்குக் கிடைக்கும் குளிர் ஜன்னல் இங்கே கிடையாது. செம்மண் இருக்கிறது, உண்மைதான். அதன் கீழே சுண்ணாம்புக்கல். அதிலிருந்து இறைக்கும் கிணற்று நீர் கடினநீர்; பல பத்தாண்டு உரப் பாவனையால் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது ஊரறிந்த பிரச்சினை. அந்த நீரை இறைத்தால் சிரா போன்ற வேகமாக வளரும் கொடி இலையாகப் படர்ந்து தன் குலையைத் தானே மூடிக்கொள்ளும். அந்த ஈர நிழலில் பூஞ்சணம் பிடிக்கும், பழம் சீராகப் பழுக்காது. வெயில் உண்டு, செம்மண் உண்டு என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவையும் தாண்டிப் போய்விட்டார்.

யாழ்ப்பாணத்தில் திராட்சை வைன் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. தோலகட்டியில் செபமாலைதாசர் ஆச்சிரமத்துத் துறவிகள் செய்யும் வைனைக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மண்ணிலும் அந்த வெப்பத்திலும் தாங்கி நின்று, ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கும் கொடியைத் தெரிந்தெடுத்து, அது கொடுப்பதற்கு ஏற்றபடி செய்கிறார்கள். அது நிலத்தைப் படித்தவர்களின் வேலை. இஸ்ரேல் புளூவைப் பந்தலில் ஏற்றி கொழும்புச் சந்தைக்குக் குலை அனுப்பும் தோட்டக்காரரும் அதையேதான் செய்கிறார். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பன்னீர்த் திராட்சை பறித்து, 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்றவர்கள் அதையேதான் செய்தார்கள். ஒருவரும் வெயிலை மட்டும் பார்த்து இன்னொரு தேசத்துக் கொடியைக் கொண்டு வந்து வலிமை வேண்டி நிற்கவில்லை.

ஒரு கொடியைப் பிடுங்கி இன்னொன்றை நட்டுக் காய்க்க வைக்க இரண்டு மூன்று ஆண்டு போகும். அந்த ஆண்டுகளில் தோட்டக்காரர் வீட்டில் வருமானம் இல்லை. பந்தல் கம்பிக்கும் தூணுக்கும் கடன் இருக்கும். முதல் அறுவடையில் பீஎச் 4 ஐத் தாண்டிய, மிளகும் அமிலமும் இல்லாத, வெறும் சூடான சாறு கிடைத்தால் அதை வாங்க எவரும் வர மாட்டார்கள். அமிலத்தை மூட்டையில் வாங்கிக் கொட்டி, ஓக் துண்டுகளை ஊறப் போட்டு, இதுவும் சிராதான் என்று விற்கப் பார்க்கலாம். வாங்குபவர் ஒரு முறை ஏமாறுவார். இதற்கெல்லாம் கட்டுரையாளர் பொறுப்பேற்கப் போவதில்லை. மறு இதழுக்கு வேறு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்.

சிராவை யாழ்ப்பாணத்தில் பரிசோதிக்க வேண்டும் என்று ஒருவர் உண்மையாகவே நினைத்தால் வழி இருக்கிறது. நாலைந்து ஒட்டுக்கட்டைகளில் சில வரிசை மட்டும் நட வேண்டும். குலைக்குள் வெப்பமானி வைத்து இரவு பகலாக ஓராண்டு அளக்க வேண்டும். கவாத்துத் தேதியை வரிசைக்கு வரிசை மாற்றிப் பார்த்து, பறிக்கும் நாளில் சர்க்கரையோடு பீஎச்சையும் மாலிக் அமிலத்தையும் எழுதி வைக்க வேண்டும். கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும். அந்தக் கணக்குகள் கையில் வரும் வரை எந்தத் தோட்டக்காரரின் கொடியையும் பிடுங்கச் சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. கட்டுரையாளர் சிராவைப் பற்றித் தம் ருசியை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். வலிகாமத்துக்குக் கொடுத்த அந்த அறிவுரையை மட்டும் அடுத்த இதழில், தம் பெயரிட்டு, திரும்பப் பெற வேண்டும்.